கும்பகோணம் பக்கம் ஏஏ மீட்டிங்க எப்படி கண்டுபிடிக்கிறது? (கொஞ்சம் நீளமான பதில்)

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். வலங்கைமான் பக்கத்துல ஒரு கிராமம், அண்ணனுக்கு 38 வயசு, ஒரு மறுவாழ்வு மையத்துல ஒரு மாசம் இருந்துட்டு வந்து கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தாரு, ஊர் திருவிழாவுல மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டாரு. மையத்துலேர்ந்து அனுப்பும்போது "ஏஏ மீட்டிங்குக்கு போங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க (ஏஏன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட்டவங்களும் விட நினைக்கறவங்களும் கூடி பேசற அமைப்பு), எங்க, என்னைக்குன்னு யாரும் சொல்லல. நெட்ல கிடைச்ச நம்பருக்கு அடிச்சா ரிங் போகுது, எடுக்க மாட்டேங்குறாங்க. ஊர்ல தெரிஞ்சா அசிங்கம். என்ன பண்றது, மீட்டிங்குக்கு நானும் கூட போலாமான்னு தங்கச்சி கேக்குறாங்க.

நான் டெல்டா பக்கம் மனநல வார்டுல சோசியல் ஒர்க்கரா ரொம்ப வருஷமா இருக்கேன். எனக்கு குடிப்பழக்கம் கிடையாது, ஏஏ மெம்பரும் இல்ல, ஆனா வெளியாளுங்கள விடுற மீட்டிங்ல போய் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கேன், நிறைய பேர அனுப்பியும் வச்சிருக்கேன். அந்த அளவுல சொல்றேன்.

நம்ம பக்கத்துல மீட்டிங்க தேடணும்னா அட்ரஸ தேடாதீங்க, ஆளைத் தேடுங்க. சென்னைல குரூப் நிறைய, லிஸ்ட்ட பாத்து நேரா போயிடலாம். இங்க ஒரு ஊர்ல ஒரு குரூப்புன்னா அத தாங்கிட்டு இருக்கறது நாலஞ்சு பேருதான். ஸ்கூல் கிளாஸ்ரூமோ சர்ச் ஹாலோ கேட்டு வாங்கி வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் நடத்துவாங்க. பரீட்சை வந்துட்டா ரூம் கிடைக்காது, எலெக்ஷன் வந்தா அதே ஸ்கூல் பூத் ஆயிடும், சாவி வச்சிருக்கறவரு பேங்க் வேலைல டிரான்ஸ்பர் ஆயிட்டா கிழமையே மாறிடும், இதெல்லாம் நெட்ல இருக்கற லிஸ்ட்டுக்கு வந்து சேர மாசக்கணக்கு ஆகும். அதனால லிஸ்ட்ட நம்பி பஸ் ஏறி போயி பூட்டுன கேட்ட பாத்துட்டு திரும்பி வந்தா உங்க அண்ணன் ரெண்டாவது தடவை கிளம்ப மாட்டாரு. ஆனா அந்த நாலஞ்சு பேர்ல ஒருத்தரோட போன் நம்பர் கையில இருந்தா மீட்டிங் எங்க மாறினாலும் கவலையில்ல.

அந்த அமைப்பு ஆரம்பிச்சதே இப்படி ஒரு போன்லதான். 1935 மே மாசம், அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஒரு ஊரு. பில் வில்சன்னு ஒரு ஷேர் மார்க்கெட் ஆளு வியாபாரமா வந்து காரியம் கெட்டுப்போயி ஹோட்டல் வராந்தாவுல நிக்கிறாரு, ஒரு பக்கம் பார் திறந்திருக்கு, இன்னொரு பக்கம் சர்ச்சுங்களோட லிஸ்ட்டும் போனும் இருக்கு. அவரு குடிய விட்டு அப்ப கொஞ்ச மாசந்தான் ஆயிருந்துச்சு. லிஸ்ட்ல இருந்த பாதிரியாருங்களுக்கு போன் போட்டு, எனக்கு பேசறதுக்கு இன்னொரு குடிகாரர் வேணும்னு கேட்டாரு. அப்படி கைமாறி கைமாறி கிடைச்சவருதான் டாக்டர் பாப் ஸ்மித்னு ஒரு சர்ஜன். அந்த டாக்டர் கடைசியா குடிச்ச நாள்னு சொல்லி 1935 ஜூன் 10-ஐத்தான் இன்னிக்கும் ஏஏ பிறந்தநாளா கொண்டாடுறாங்க. இந்தியாவுக்கு வந்தது 1957-ல, டெல்லியில. இத ஏன் சொல்றேன்னா, முன்பின் தெரியாத ஒருத்தருக்கு போன் போட்டு "எனக்கு ஒரு ஆளு வேணும்"னு கேக்கறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, அவங்க எல்லாருமே அப்படி வந்தவங்கதான்.

மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு விஷயம், இதுல அலட்சியம் கூடாது. அண்ணன் இப்ப தினம் குடிக்கிறாரா, காலைல எந்திரிச்சா கை நடுங்குதா, ஒரு கட்டிங் போட்டாதான் நடுக்கம் நிக்குதா? அப்படின்னா "இன்னியோட நிப்பாட்டு, நாளைக்கு மீட்டிங் போலாம்"னு வீட்ல வச்சு நிப்பாட்டாதீங்க. கடைசியா குடிச்சதுலேர்ந்து ஆறு மணி நேரத்துலேர்ந்து ஒரு நாளைக்குள்ள நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை, படபடப்பு வரும், மொத ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு நாள்லேர்ந்து நாலு நாளுக்குள்ள சிலருக்கு ஆளே மாறிப்போயி சுவத்துல பூச்சி ஊறுது, யாரோ கூப்பிடறாங்கம்பாங்க. இத "பேய் புடிச்சிருக்கு"ன்னு கூட்டிட்டு போயி மந்திரிச்சிட்டு அப்புறம் எங்ககிட்ட கொண்டு வருவாங்க, அதுக்குள்ள நேரம் போயிருக்கும். இது உயிருக்கு ஆபத்தான நிலை. 108-க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும். அங்க நடுக்கத்துக்கு மாத்திரை குடுத்து ஒரு வாரம் பத்து நாள்ல படிப்படியா குறைப்பாங்க, தயமின்னு ஒரு பி-1 விட்டமின் ஊசி போடுவாங்க, மூளைய காப்பாத்தற ஊசி அது. இந்த டீடாக்ஸ் ஏஏ-வோட வேலை கிடையாது. ஏஏ-ல டாக்டர், மருந்து, கவுன்சிலிங் எதுவும் இல்ல, அவங்களே "நாங்க வைத்தியம் பாக்கறதில்ல"ன்னு தெளிவா சொல்லிடுவாங்க. உடம்ப ஆஸ்பத்திரி பாத்துக்கும், அதுக்கப்புறம் இருக்கற வருஷங்களுக்குத்தான் மீட்டிங்.

சரி, ஆளை எங்க தேடறது. எனக்கு தெரிஞ்சு பலன் குடுக்கற வழி ஆஸ்பத்திரிதான். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ், திருவாரூர் மெடிக்கல் காலேஜ், கும்பகோணம் ஜிஎச், உங்களுக்கு எது தோதோ அங்க மனநலப் பிரிவு ஓபிக்கு காலைல போங்க. டாக்டரு முன்னாடி நீளமா கியூ நிக்கும், அவருகிட்ட மீட்டிங் பத்தி பேச நேரம் இருக்காது, அதனால சோசியல் ஒர்க்கரையோ கவுன்சிலரையோ, இல்லன்னா வார்டு நர்ஸம்மாவையோ புடிங்க. கேக்க வேண்டியது ஒரே கேள்வி: "குடிய விட்டவங்க, ஏஏகாரங்க யாராவது இங்க வந்து போவாங்களா, அவங்க நம்பர் கிடைக்குமா?" ஏஏ மெம்பருங்க வார்டுக்கு வந்து பேசறது பல ஊர்ல நடக்கற விஷயம், அதனால யாராவது ஒருத்தரோட நம்பர் நர்ஸ் டெஸ்க்குல இருக்க வாய்ப்பு அதிகம். 2025-லேர்ந்து சில அரசு ஆஸ்பத்திரிகள்ல கலங்கரைங்கிற பேர்ல போதை மீட்பு மையம் தொடங்கியிருக்காங்க, அண்ணனுக்கு மறுபடி அட்மிஷன் தேவைப்பட்டா பக்கத்துல எங்க இருக்குன்னு அங்கயே விசாரிச்சுக்கங்க.

அடுத்தது அண்ணன் இருந்த அந்த மையம். அவங்க அட்ரஸ் குடுக்காம அனுப்பினது தப்புதான், ஆனா அங்க அண்ணன்கூட இருந்தவங்கள்ல ஒருத்தராவது இப்ப குடிக்காம இருப்பாரு, அவரு எங்கயோ போய்ட்டு வந்துட்டு இருப்பாரு. அண்ணன் போன்லயே அந்த நம்பர் இருக்கும் பாருங்க.

அப்புறம் நெட்ல கிடைச்ச நம்பர். ஏஏ இந்தியாவோட சைட்லயும் நம்பர் இருக்கு. அந்த போன எடுக்கறவங்க சம்பளத்துக்கு உக்காந்திருக்கற ஆளு கிடையாது, பெரும்பாலும் அவங்கவங்க வேலைக்கு நடுவுல முறை வச்சு எடுக்கற மெம்பருங்க. பகல்ல பதினோரு மணிக்கு அடிச்சா அவரு டூட்டில இருப்பாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அடிங்க, எடுக்கலன்னா வாட்ஸ்அப்ல தமிழ்லயே ஒரு மெசேஜ் போடுங்க: "என் அண்ணன் குடிய விட ஆசப்படுறாரு, கும்பகோணம் பக்கம் மீட்டிங் தேவை, பேச முடியுமா." முழுக்கதையும் அதுல எழுதாதீங்க. கும்பகோணம்னு பாத்து ஒண்ணும் கிடைக்கலன்னா திருச்சி, சென்னை நம்பருக்கு அடிங்க, தயங்காதீங்க. சென்னைல இருக்கற ஒரு மெம்பருக்கு மாநாட்டுல பாத்த மாயவரத்துக்காரர தெரியும், அவருக்கு கும்பகோணத்துக்காரர தெரியும். இந்த மாதிரி சுத்தி வர்ற வழிதான் பாதி நேரம் வேலைக்கு ஆகுது. 

சர்ச் ஆபீஸ்ல கேக்கலாம், ஏன்னா மீட்டிங்குக்கு ஹால் குடுக்கறது பெரும்பாலும் அவங்கதான். அரசாங்க நம்பரும் இருக்கு, போதை சம்பந்தமா 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, ரெண்டும் இலவசம், டெலி மானஸ்ல தமிழ்லயே பேசலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு அண்ணன் சத்தம் போட்டுட்டு இருக்கும்போது உங்களுக்கே யார்கிட்டயாவது பேசணும்போல இருந்தா 14416-க்கு அடிங்க, அதுக்கும் அது உதவும்.

இன்னொரு வழி இருக்கு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம பக்கத்துல எந்த ஊர எடுத்தாலும், ஒரு காலத்துல வாய்க்கால் கரைல விழுந்து கிடந்துட்டு இப்ப வெள்ளை வேட்டி கட்டி சைக்கிள்ல போற ஒருத்தர் இருப்பாரு. ஊருக்கே தெரியும். அவருகிட்ட போய் "எப்படி நிப்பாட்டினீங்க"ன்னு கேளுங்க. அதுலயும் உங்க ஏரியா கொஞ்சம் விசேஷம். குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில சென்னை டிடிகே ஆஸ்பத்திரிக்காரங்க 1980கள் கடைசியிலேர்ந்து குடிநோயாளிகளுக்கு கேம்ப் நடத்தினாங்க. அந்த ஆஸ்பத்திரிய நடத்துற அறக்கட்டளைய 1980-ல ஆரம்பிச்சவங்க சாந்தி ரங்கநாதன், 1992-ல பத்மஸ்ரீ வாங்கினவங்க. ஆளுங்கள சென்னைக்கு கூப்பிடாம டாக்டர், நர்ஸ், கவுன்சிலர் எல்லாரும் கிராமத்துக்கு வந்து தங்கி ரெண்டு வாரம் போல வச்சு பாப்பாங்க, ஊர்க்காரங்களும் கூட நிப்பாங்க, முடிஞ்சப்புறம் தொடர்ந்து வந்து விசாரிப்பாங்க. கிராமத்துல வச்சே குடிநோய பாக்கலாம்னு காட்டின முயற்சி அது. அந்த கேம்ப்ல குடிய விட்டவங்க சுத்துவட்டாரத்துல இன்னும் இருப்பாங்க. ஏஏக்கு போனவரோ இல்லையோ, விட்டவர் ஒருத்தரோட அரை மணி நேரம் டீக்கடைல உக்காந்தாலே அண்ணனுக்கு அது ஒரு மீட்டிங்தான்.

ஊர்ல தெரிஞ்சா அசிங்கம்னு கேட்டீங்க. மொதல்ல ஒண்ணு கேக்கறேன் கோச்சுக்காதீங்க, அவரு குடிக்கறது ஊருக்கு தெரியாதா? தெரியும். இப்ப தெரியக்கூடாதுன்னு நினைக்கறது அவரு விட முயற்சி பண்றத. ஆனாலும் அந்த வெக்கம் நிஜம், அதுக்கு டெல்டாகாரங்க கண்டுபுடிச்ச வழி, உள்ளூர் மீட்டிங்க விட்டுட்டு அடுத்த ஊர் மீட்டிங்குக்கு போறது. கும்பகோணத்துக்காரர் மாயவரம் போவாரு, மன்னார்குடிக்காரர் தஞ்சாவூர் போவாரு. வலங்கைமான்லேர்ந்து கும்பகோணம் பத்து கிலோமீட்டர் சொச்சம், பஸ் உண்டு, "ஒரு வேலையா டவுனுக்கு போறேன்"னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க. உள்ள போனா பேரு சொல்லணும்னு கட்டாயமே இல்ல, சொன்னாலும் இனிஷியல் ஊரு சாதி எதையும் கேக்கக்கூடாது, அங்க கேட்டது அங்கயே விடணும்ங்கறது அவங்க வழக்கம். டெல்டாவுல சாதிய வாசல்ல கழட்டி வச்சுட்டு வர்ற இடம் ரொம்ப கம்மி, மிராசு குடும்பத்து ஆளும் அவரு வயல்ல நடவு நட்டவரோட புள்ளையும் பக்கத்து பக்கத்து சேர்ல உக்காந்து ஒரே கதைய சொல்றத நான் பாத்திருக்கேன். எல்லா இடத்துலயும் அப்படியேதான்னு சொல்ல மாட்டேன், வெளிய வந்ததும் வேற மாதிரி ஆயிடறவங்களும் உண்டு.

பஸ்ஸ பத்தி இன்னொண்ணு. மீட்டிங் பொதுவா சாயங்காலம் வேலை முடிஞ்ச நேரத்துலதான் வைப்பாங்க, முடிய எட்டு எட்டரை ஆயிடும். டாஸ்மாக் ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். மீட்டிங் விட்டு மனசு லேசா வெளிய வந்து, டவுன் பஸ்ஸுக்கு முக்கா மணி நேரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதுதான் கால் தானா கடை பக்கம் திரும்பும். நிறைய பேரு வழுக்கினது அங்கதான். அதனால மொத சில வாரத்துக்கு திரும்பி வர்ற வழிய முன்னாடியே பேசி வச்சுக்கங்க, உங்க வீட்டுக்காரர் பைக் எடுத்துட்டு போய் நிக்கலாம், இல்ல மீட்டிங்ல ஒருத்தர் "வாங்க நான் அந்த பக்கந்தான் போறேன்"னு ஏத்திட்டு வருவாரு. கையில பஸ் காசுக்கு மேல பணம் வேண்டாம். நெல்லு போட்டு கொள்முதல் பணம் கணக்குல ஏறுற வாரம், தீபாவளி போனஸ், கோயில் திருவிழா, இந்த நாள்கள காலண்டர்ல குறிச்சு வச்சு அந்த வாரம் கூடுதலா ரெண்டு போன் போடச்சொல்லுங்க. அண்ணன் திருவிழாவுலதான் விழுந்தாரு, அடுத்த திருவிழாவும் வரும்.

சர்ச்ல நடக்குதுன்னா மதம் மாத்தறதுக்கான்னு உங்க அம்மா கேப்பாங்க, எல்லா அம்மாவும் கேக்கறாங்க. இல்ல. ஹால் கிடைக்கற இடத்துல நடத்தறாங்க, அவ்வளவுதான், வாடகைன்னு அவங்களால முடிஞ்சத குடுத்துடுவாங்க, எந்த மதத்தோடயும் கட்சியோடயும் சேரக்கூடாதுங்கறது அவங்க விதி. கடவுள்ங்கற வார்த்தை வரும், அது உண்மை. பன்னெண்டு படின்னு சொல்வாங்க, அதுல கடவுள அவரவர் எப்படி புரிஞ்சுக்கறாங்களோ அப்படின்னுதான் இருக்கு. ஒருத்தருக்கு மாரியாத்தா, ஒருத்தருக்கு வேளாங்கண்ணி மாதா, ஒருத்தருக்கு நாகூர் ஆண்டவர். நாகப்பட்டினம் திருவாரூர் பக்கம் தோழர்களுக்கு பஞ்சமில்ல, கருப்புச்சட்டைக்காரங்களும் உண்டு, சாமி கும்பிடாத ஆளு என்ன பண்றதுன்னு கேட்டா "என்னைவிட இந்த குரூப்புக்கு சக்தி ஜாஸ்தி, அத ஒத்துக்கிட்டா போதும்"னு வச்சுக்கறாங்க. அதுவும் புடிக்கலன்னா அந்த பகுதிய காதுல வாங்காம மத்ததுக்கு உக்காரலாம், யாரும் பரீட்சை வைக்க மாட்டாங்க.

உள்ள என்ன நடக்கும்னு தெரியாம இருக்கறதுதான் பாதி பயம், அதனால அத கொஞ்சம் விவரமா சொல்றேன். ஒரு கிளாஸ்ரூம்ன்னு வச்சுக்கங்க. சின்ன பசங்க பெஞ்சுல பெரிய ஆளுங்க கால மடக்க முடியாம கோணலா உக்காந்திருப்பாங்க, போர்டுல பசங்க எழுதின கணக்கு அழிக்காம இருக்கும், அதுக்கு மேல "இன்று மட்டும்"னு எழுதின ஒரு அட்டைய ஆணில மாட்டிவிடுவாங்க. மேசைல கொஞ்சம் தமிழ் புத்தகம். மொதல்ல எல்லாரும் எந்திரிச்சு, மாத்த முடியாதத ஏத்துக்கற மனசயும் மாத்த முடிஞ்சத மாத்தற தைரியத்தையும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியற புத்தியையும் கேக்கற ஒரு சின்ன பிரார்த்தனை. அப்புறம் ஒருத்தர் எந்திரிப்பாரு, பேர சொல்லி "நான் ஒரு குடிநோயாளி"ம்பாரு, எல்லாரும் அவருக்கு வணக்கம் சொல்வாங்க. பேசுவாரு. பொண்டாட்டி தாலிக்கொடிய அடகு வச்சது, பொண்ணு சடங்குல விழுந்து கிடந்தது, எல்லாத்தையும் ரேஷன் கடைல என்ன வாங்கினேன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொல்லுவாரு, நடுவுல சிரிப்பாங்க, மொத தடவை வர்றவங்களுக்கு அந்த சிரிப்புதான் தூக்கிவாரிப்போடும். யாரும் குறுக்க பேச மாட்டாங்க, புத்திமதி சொல்ல மாட்டாங்க. ஒருத்தர் அழுதா பக்கத்துல இருக்கறவரு தண்ணி பாட்டில நகத்தி வைப்பாரு, அவ்வளவுதான். அண்ணன் பேசணும்னு கட்டாயம் இல்ல, "இன்னிக்கு கேக்க மட்டும் வந்தேன்"னா விட்டுடுவாங்க. கடைசில ஒரு டப்பா சுத்தி வரும், பத்து ரூபா போடறவங்க போடுவாங்க, புதுசா வந்தவங்க போட வேண்டியதே இல்ல. டீ, பிஸ்கட். அந்த டீ நேரத்துலதான் நம்பர் கைமாறும், அதனால முடிஞ்ச உடனே ஓடி வந்துடாம டீ குடிச்சிட்டு வரச்சொல்லுங்க. ஒருத்தர் ஒரு வருஷம் குடிக்காம முடிச்சா அன்னிக்கு கேக் வெட்டி பர்த்டே, பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் வருவாங்க. அப்படி ஒரு நாள்ல அண்ணன் மொத தடவை போறமாதிரி அமைஞ்சா நல்லது, நம்பர் கிடைச்சதும் அத கேட்டுக்கங்க.

மெம்பர் ஆக ஃபீஸ் கிடையாது, ஃபாரம் கிடையாது, குடிய நிப்பாட்டணும்ங்கற ஆசை இருந்தா போதும். யாராவது ஏஏ பேர சொல்லி அட்மிஷன், டொனேஷன், பேக்கேஜுன்னு பணம் கேட்டா அது ஏஏ இல்ல, வெளியாளு குடுக்கற நன்கொடையக்கூட அவங்க வாங்கறதில்ல. ராத்திரி வேன்ல வந்து ஆள தூக்கிட்டுப்போற பிரைவேட் இடங்கள் உண்டு, அது வேற உலகம். 2017 மனநல சட்டப்படி இந்த மாதிரி மையம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும், பதிவு சர்டிபிகேட்ட கேளுங்க, காட்டலன்னா திரும்பி வந்துடுங்க.

மொத மீட்டிங் புடிக்காம போகலாம். ஒரு குரூப்ல ஒரே பெரியவர் ஒரு மணி நேரம் பேசுவாரு, இன்னொண்ணுல இங்கிலீஷ் கலந்து பேசுவாங்க, அண்ணன் "இது நமக்கு சரிப்படாது"ம்பாரு. வேற ஊர் குரூப்ப பாக்கச்சொல்லுங்க, ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. அமெரிக்காவுல 90 நாள்ல 90 மீட்டிங்னு ஒரு பேச்சு உண்டு, நம்ம ஊர்ல வாரத்துக்கு ஒண்ணு கிடைச்சாலே பெரிசு, அதனால நடுவுல இருக்கற ஆறு நாள எப்படி ஓட்டறதுங்கறதுதான் நிஜமான பிரச்சனை. அதுக்குத்தான் ஸ்பான்சர். முன்னாடியே விட்ட ஒருத்தர் வழிகாட்டியா இருப்பாரு, சாயங்காலம் நாக்கு ஊறுற நேரத்துல அவருக்கு போன் போடணும், குடிக்கறதுக்கு முன்னாடி போடணும், குடிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. போன்லயே சேர்ற தமிழ் ஆன்லைன் மீட்டிங்கும் இருக்கு, லிங்க் அந்த ஆளுங்ககிட்டயே கிடைக்கும். பொம்பளைங்க யாருக்காவது இந்த பிரச்சனைன்னா ஆம்பளைங்க நிறைஞ்ச ரூமுக்கு போகச்சொல்ல எனக்கே மனசு வராது, அவங்களுக்கு ஆன்லைன்தான் மொத வழி.

இதெல்லாம் வேலைக்கு ஆகுமான்னு படிச்ச சொந்தக்காரங்க கேப்பாங்க. 2020-ல காக்ரேன் ரிவ்யூன்னு ஒண்ணு வந்துச்சு, அதாவது பல ஆய்வுகள ஒண்ணா சேத்து எடை போட்டு பாக்கற அறிக்கை, 27 ஆய்வு, பத்தாயிரம் பேருக்கு மேல. ஏஏக்கு ஆளை கொண்டு போய் சேக்கற சிகிச்சைகள மத்த கவுன்சிலிங் முறைகளோட ஒப்பிட்டா, முழுசா குடிக்காம இருக்கறதுல இதுதான் கொஞ்சம் மேல நின்னுச்சு. எல்லாருக்கும் பலிக்கும்னு அர்த்தம் இல்ல, ஆனா "சும்மா உக்காந்து பேசி என்ன ஆகப்போவுது"ங்கறதுக்கு அது பதில். நம்ம நாட்டுல 2019-ல வந்த அரசாங்க சர்வே, குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் எதாவது சிகிச்சைன்னு போயிருக்காருன்னு சொல்லுது. உங்க அண்ணன் அந்த ஒருத்தர். மறுபடி குடிச்சதால அவரு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கறாருன்னு நினைக்காதீங்க.

அவருக்கு மாலை போடச்சொல்லுங்க, கயிறு கட்டுங்கன்னு சொல்றவங்க இருப்பாங்க. நான் அத கேலி பண்ண மாட்டேன், 48 நாள் மாலை போட்டு ஒரு சொட்டு தொடாத ஆளுங்கள நிறைய பாக்கறேன். ஆனா நாப்பத்தொம்பதாவது நாள் என்ன? மாலைய கழட்டின அன்னிக்கு சாயங்காலமே கடைல நிக்கறவங்களும் அவங்கதான். மாலை போட்டா அந்த நாள்கள்லயே மீட்டிங்குக்கும் போக ஆரம்பிச்சுடணும். அப்புறம், அவருக்கு தெரியாம சாப்பாட்டுல கலக்கற பவுடர், காப்பில போடற மாத்திரை, தயவுசெஞ்சு வேண்டாம். குடிய நிப்பாட்ட குடுக்கற டைசல்ஃபிரம்ங்கற மாத்திரை உள்ள இருக்கும்போது குடிச்சா முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து ஆகலாம். அந்த மாத்திரைய டாக்டர் குடுக்கலாம், ஆனா அவருக்கு தெரிஞ்சு, அவரு சம்மதிச்சு, டெஸ்ட் பண்ணிட்டுதான் குடுக்கணும். பவுடர்ல என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது.

அண்ணன்கிட்ட இத எப்ப பேசறது? ராத்திரி குடிச்சிட்டு வந்த நேரத்துல கிடையாது, அப்ப எதுக்கும் சரிம்பாரு, சத்தியம்கூட பண்ணுவாரு. காலைல, தலை குனிஞ்சு உக்காந்திருக்கற நேரத்துல, அம்மா அழறதுக்கு முன்னாடி, நீங்க மட்டும் போய் "ஒருத்தர் நம்பர் கிடைச்சிருக்கு, அவரும் குடிச்சு விட்டவருதான், பேசறியா"ன்னு கேளுங்க. மீட்டிங்ங்கற வார்த்தையே வேண்டாம். சரின்னா உங்க கண்ணு முன்னாடியே போன் போட்டு அவரு கையில குடுங்க. ஏஏகாரங்க கூப்பிட்டா வீட்டுக்கே வருவாங்க, பொதுவா ரெண்டு பேரா வருவாங்க, காசு வாங்க மாட்டாங்க, ஆனா அண்ணன் "வரட்டும்"னு சொல்லணும், அவருக்கு தெரியாம வரவழைக்காதீங்க. முடியாதுன்னு சொன்னா அன்னிக்கு விட்டுடுங்க, நம்பர மட்டும் அவரு போன்ல சேவ் பண்ணி வச்சுடுங்க.

அவரு போகலன்னாலும் உங்க அண்ணி போகலாம். குடும்பத்துக்குன்னே அல்-அனான்னு தனி அமைப்பு இருக்கு, ஏஏ ஆரம்பிச்ச பில்லோட மனைவி லோயிஸும் இன்னொரு மெம்பரோட மனைவியும் சேர்ந்து 1951-ல அமைச்சது. புருஷன திருத்தறது எப்படின்னு அங்க சொல்லித்தர மாட்டாங்க. அவரு சட்டப்பைய தேடறது, வேலை இடத்துல "காய்ச்சல்"னு பொய் சொல்றது, கடன அடைக்கறது இதையெல்லாம் விட்டுட்டு தன்ன எப்படி காப்பாத்திக்கறதுன்னு பேசுவாங்க. அண்ணன் அடிக்கிறாருன்னா அது வேற விஷயம், அதுக்கு 181 பெண்கள் உதவி எண், மீட்டிங்குக்காக காத்துட்டு இருக்கக் கூடாது.

கடைசியா, "நானும் கூட போலாமா"ன்னு கேட்டிருந்தீங்க. ஓபன் மீட்டிங்னா யாரு வேணாலும் உக்காரலாம், நீங்களும் அண்ணியும் தாராளமா போங்க. குளோஸ்டு மீட்டிங்னா குடிநோயாளிகளுக்கு மட்டும், நீங்க வாசலோட நின்னுக்கணும். எந்த நாள் எதுன்னு போன் பண்ணும்போதே கேட்டுடுங்க, மொத நாள் முடிஞ்சவரைக்கும் ஓபன் மீட்டிங்கா பாத்து போங்க. ஆனா உள்ள போனதும் அண்ணன் பக்கத்துல உக்காராதீங்க, நாலு பெஞ்சு தள்ளி உக்காருங்க. தங்கச்சி கேக்குறான்னா அவரு எதையும் பேச மாட்டாரு.